பருவமும் மருந்தும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

மழை வந்தால் குடை விரிக்கின்றோம். வெயில் ஏறினால் நிழல் தேடுகின்றோம். பனி இறங்கினால் காதைத் துணியால் கட்டிக்கொள்கின்றோம். உடையும் உணவும் பருவத்திற்கேற்ப மாறுவதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆனால், ஒரே இருமலுக்கு ஐப்பசியில் ஒரு கசாயமும் சித்திரையில் வேறொரு கசாயமும் கொடுப்பது ஏன் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கின்றோம். சிலர் அது மூடநம்பிக்கை என்கின்றனர். வேறு சிலர் அது முன்னோர் வாக்கு, கேள்வி கேட்கலாகாது என்கின்றனர். இவ்விரண்டுமே கேள்விக்கு விடையாகா. இதனை நான் நூலில் படித்து உணரவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு துன்பத்தின் வழியாக உணர்ந்தேன். அதனைச் சொல்லவும், அதன்பின் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவுமே இக்கட்டுரை.

ஆயாவின் நாட்காட்டி

நாங்கள் அம்பத்தூரில் குடியிருக்கின்றோம். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அப்பாவைப் பெற்ற ஆயா, பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசைப் பக்கத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் அவரிடம் ஒரு நாட்காட்டி உண்டு. அது சுவரில் தொங்குவதன்று; அடுப்படியில் இருப்பது.

சித்திரை பிறந்ததும் வேப்பம்பூ ரசம். அதைத் தொடர்ந்து மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் முடிச்சு, மோர், நன்னாரி. ஆடியில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும். ஐப்பசியில் தீபாவளிக்கு முதல் நாளே இஞ்சியும் ஓமமும் திப்பிலியும் சேர்த்துக் கிளறிய லேகியம். கார்த்திகை தொடங்கிவிட்டால் தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, சுக்குமல்லிக் காப்பி. அப்பாவுக்கு மட்டும் தனியாக ஆடாதோடைக் கசாயம், தேன் கலந்து. அப்பாவுக்கு இளமை முதலே இரைப்பு நோய் உண்டு. ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் தறுவாயில் அது தலைதூக்கும்.

“ஆயா, கார்த்திகை வந்தால்தான் இந்தக் கசாயமா?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். அவர் கூரை ஓரத்தில் நின்று மேலே பார்த்தபடி சொன்னார்: “மாசத்தப் பாக்காத கண்ணு, மானத்தப் பாரு.” மானம் என்று அவர் சொன்னது வானத்தை. மானம் பார்த்த பூமி என்று உழவர் சொல்வதில்லையா, அந்த மானம். அன்று அது எனக்கு எதுகை போல் மட்டுமே கேட்டது. அதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆறு பொழுதுகள்

தமிழிலக்கணம் படித்த அனைவரும் பெரும்பொழுது ஆறினை அறிவர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். நாம் இதனை அகப்பொருளுக்கு உரியதாக மட்டும் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகின்றோம். சித்த மருத்துவரோ இதே ஆறினை மருத்துவத்திற்கும் அடிப்படையாகக் கொண்டனர்.

உடலை இயக்குவன வளி, அழல், ஐயம் என்னும் மூன்று என்பது சித்த மருத்துவக் கொள்கை. இவற்றையே வாதம், பித்தம், கபம் என்றும் கூறுவர். இம்மூன்றும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் மூன்று நிலைகளைக் கடக்கும். தன் இடத்திலேயே பெருகுவது தன்னிலை வளர்ச்சி. தன் இடத்தை விட்டு வெளியேறிப் பிற இடங்களுக்குப் பரவுவது வேற்றுநிலை வளர்ச்சி. மீண்டும் பழைய அளவுக்கு அடங்குவது தன்னிலை அடைதல்.

இச்சொற்கள் கடினமாகத் தோன்றினால் நம் செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 24 அடி. மழைக்காலத்தில் நீர் ஏறுகிறது, ஏரி நிறைகிறது, கரைக்கு உள்ளே இருக்கும் வரை யாருக்கும் தீங்கில்லை. இதுவே தன்னிலை வளர்ச்சி. அதற்கு மேலும் நீர் வந்தால் வெளியேறி அடையாற்றில் பாய்கிறது, ஊருக்குள்ளும் புகுகிறது. இது வேற்றுநிலை வளர்ச்சி. பின்னர் வெயில் நாளில் மட்டம் இறங்குகிறது. இது தன்னிலை அடைதல்.

சித்த நூல்கள் தரும் அட்டவணைப்படி, வளி முதுவேனிலில் ஏறத் தொடங்கிக் காரில் கரை கடக்கும், கூதிரில் அடங்கும். அழல் காரில் ஏறிக் கூதிரில் கரை கடக்கும், முன்பனியில் அடங்கும். ஐயம் பின்பனியில் ஏறி இளவேனிலில் கரை கடக்கும், முதுவேனிலில் அடங்கும். ஆயுர்வேத நூல்களிலும் ஏறத்தாழ இவ்வரிசையே காணப்படுகிறது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கருத்து ஒன்று உண்டு. நோய் விளையும் பருவம் வேறு. அது வெளிப்படும் பருவம் வேறு. பனிக்காலத்தில் சேர்ந்த சளி, வெயில் ஏறும்போது இளகி வெளிப்படும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே மருத்துவன் இன்று தெரியும் குறியை மட்டும் பார்த்தால் போதாது. சென்ற பருவத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆறு திங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி மருந்தும், ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியமும் கொள்ள வேண்டும் என்று தேரையர் வகுத்த முறையும் இக்கருத்திலிருந்து பிறந்ததே. ஏரி உடைவதற்கு முன்பே மதகைத் திறப்பது போன்றது அது.

இக்காலத்து அறிவியலும் இந்த இடைவெளியை வேறு வழியில் அறிந்திருக்கிறது. டெங்குவை எடுத்துக்கொள்வோம். முதல் மழை பெய்த அன்றே டெங்கு வருவதில்லை. தேங்கிய நல்ல நீரில் முட்டை பொரிந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் நச்சுயிரி பெருகப் பிறகும் 8 முதல் 12 நாள் ஆகும். அக்கொசு மற்றொருவரைக் கடித்தபின் அவருக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். ஆக, ஐப்பசி மழை விதைத்ததைக் கார்த்திகையில் அறுக்கின்றோம். முன்னோர் கொசுவை அறியவில்லை. ஆனால் இடைவெளியை அறிந்திருந்தனர்.

இரண்டு குடிநீர்கள்

அட்டவணை ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு நாம் அனைவரும் குடித்துப் பார்த்த இரண்டு குடிநீர்களே சான்று. டெங்குக் காய்ச்சல் பரவிய 2012 முதல் அரசு மருத்துவமனைகளிலும் தெருமுனைகளிலும் வழங்கப்பட்டது நிலவேம்புக் குடிநீர். 2020-இல் கொரோனா வந்தபோது வீடுதோறும் கொதித்தது கபசுரக் குடிநீர். இரண்டும் கசக்கும், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று பலர் எண்ணிவிட்டனர். அது பிழை.

நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்குகள் உள்ளன: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு. இவற்றுள் வெட்டிவேரும் விலாமிச்சையும் சந்தனமும் குளிர்ச்சி தருவன. நிலவேம்பும் பேய்ப்புடலும் கைப்புச் சுவையால் அழலைத் தணிப்பன. சுக்கும் மிளகும் வெப்பம் தருவன. கூதிரில் அழல் கரை கடக்கும் என்ற அட்டவணையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கொளுத்தும் காய்ச்சலோடு கூதிரில் வருபவனுக்குக் குளிர்ச்சிச் சரக்கு மிகுந்த இக்குடிநீர் எவ்வளவு பொருத்தமாக அமைகிறது!

கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம் போன்ற வெப்பச் சரக்குகள் அதில் முன்னிற்கின்றன. ஆடாதோடையும் கற்பூரவல்லியும் உடன் சேர்கின்றன. வெட்டிவேரோ சந்தனமோ அதில் இல்லை. நெஞ்சில் கட்டிய ஐயத்தை இளக்குவது அதன் நோக்கம் என்பதைப் பெயரே சொல்கிறது. எங்கள் ஆயா கார்த்திகையில் கிள்ளும் அதே கற்பூரவல்லி, அதே ஆடாதோடை! இப்பட்டியலைப் படித்த அன்று ஆயாவின் அடுப்படியை நான் புதிய கண்ணோடு பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம் என்பது சித்த மருத்துவ விதி. காலையில் காய்ச்சியதைக் குப்பியில் ஊற்றி வைத்து மாலையில் குடிப்பது முறையன்று.

சீனர் கண்ட பருவம்

பருவம் பார்த்து மருந்து கொடுப்பது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீனரும் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் மருத்துவர் எழுதிய ஷாங்ஹான் லுன் என்ற நூல், குளிர் தாக்கி வரும் காய்ச்சல்களைப் பற்றியது. கருவாப்பட்டை இனத்தின் இளங்குச்சி, இஞ்சி, மா ஹுவாங் முதலிய வெப்பச் சரக்குகளால் வியர்வையைத் தூண்டிக் காய்ச்சலை இறக்குவது அதன் முறை. பல நூற்றாண்டுகள் அந்நூலே மருத்துவர்க்கு வழிகாட்டியாக விளங்கியது.

ஆனால் சீனத்தின் தென்பகுதி வெப்பமும் ஈரமும் மிகுந்தது. அங்குக் கோடையில் வரும் காய்ச்சலுக்கு இவ்வெப்பச் சரக்குகளைக் கொடுத்தால் நோய் மிகுவதை மருத்துவர்கள் கண்டனர். சூஜோ நகரத்து யே தியான்ஷி, அவருக்குப் பின் வந்த ஊ ஜூடாங் முதலியோர் வெப்பக் காய்ச்சலுக்கெனத் தனிமுறை ஒன்றை வகுத்தனர். ஊ ஜூடாங்கின் நூல் 1798-இல் எழுந்தது. முசுக்கட்டை இலையும் செவ்வந்திப் பூவும் சேர்ந்த குளிர்ச்சியான குடிநீர் அதில் இடம்பெற்றது. குளிர்காலத்து மா ஹுவாங்கிற்குப் பதிலாகக் கோடையில் ஷியாங்ரூ என்னும் மணப்பூண்டைக் கொடுக்கலாம் என்பதும் சீன மருத்துவ வழக்கு. அதனைக் கோடைக்கால மா ஹுவாங் என்றே அழைத்தனர். மூலநூலை அவர்கள் தூக்கி எறியவில்லை. அது எந்த நிலத்திற்கு, எந்தக் காற்றுக்கு எழுதப்பட்டது என்று கேட்டனர்.

அந்த மா ஹுவாங்கிலிருந்து பிரித்தெடுத்த எபிட்ரின் 1920-களில் இரைப்பு நோய்க்கு மேலை மருத்துவத்திலும் இடம்பெற்றது. நம் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றி உருவாக்கப்பட்டதே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். இன்று இருமல் மருந்துக் குப்பிகள் பலவற்றின் மேல் அப்பெயரைக் காணலாம்.

மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கதையும் இத்தகையதே. தூ யூயூ என்னும் அம்மையார், நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பைப் படித்தார். மூலிகையைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது அவர் கண்ணில் பட்டது. கொதிநிலை குறைந்த கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்து, 1972-இல் தூய மருந்தைக் கண்டார். இலையில்தான் மருந்துப்பொருள் உண்டு, அதுவும் தக்க பருவத்தில் பறித்தால்தான் மிகுதி என்பதும் அவ்வாய்வில் தெளிவாயிற்று. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டை அவர் வணங்கி வைத்துவிடவில்லை; எள்ளி ஒதுக்கவும் இல்லை. படித்தார், சோதித்தார்.

அம்பத்தூருக்கு அட்டவணை பொருந்துமா?

இனி எனக்கு எழுந்த ஐயத்திற்கு வருகிறேன். அட்டவணைப்படி மழைக்காலமாகிய கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். நம் பகுதியில் அப்போது பெய்வது மாலை இடிமழை. சென்னை வட்டாரத்தில் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெய்யும் 1,400 மில்லிமீட்டர் அளவான மழையில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அது கார்த்திகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை மூழ்கடித்ததும் கார்த்திகையே. அப்படியானால் நமக்குக் கார் எது, கூதிர் எது?

அட்டவணையின் மாதக் கணக்கு, தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறும் நிலத்திற்கே மிகவும் இசைவாக உள்ளது என்பது என் கருத்து. கீழைக் கடற்கரையில் மழை பின்தங்கி வருகிறது. ஆகவே நோய்களும் பின்தங்கி வருதல் இயல்பே. அப்பாவின் இரைப்பு அட்டவணையில் சொன்னபடி பங்குனி சித்திரைக்குக் காத்திருப்பதில்லை, மார்கழியிலேயே வந்துவிடுகிறது.

மேலும், பருவம் என்பது வானம் மட்டுமன்று. மனிதர் செய்வதும் பருவமே. ஐப்பசியில் தீபாவளி வெடிப் புகை. மார்கழிக் கடைசியில் போகிப் புகை. பனியோடு அது தரையில் படிந்து நிற்பதை வைகறையில் காணலாம். வெள்ளம் வடிந்த சுவரில் கரும்பூசணம். தொழிற்பேட்டைத் தூசி ஆண்டு முழுவதும். இவை எந்த ஏட்டிலும் இல்லை. “மாசத்தப் பாக்காத, மானத்தப் பாரு” என்று ஆயா சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது.

போகி வைகறை

இவ்வளவும் எனக்கு விளங்கியது அந்த வைகறைக்குப் பின்னரே. 2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. அரிசி மூட்டையோடு, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அப்பாவின் மருந்துப் பையும் நனைந்து பாழாயிற்று. இரைப்புக்காக அவர் நாள்தோறும் இருவேளை உறிஞ்சும் ‘பஃப்’ அதில்தான் இருந்தது. புதிதாக வாங்கப் புறப்பட்டபோது உறவினர் ஒருவர் தடுத்தார். “பஃப் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விடாது. ஆடாதோடை இருக்கும்போது அது எதற்கு?” என்றார். ஆயா மட்டும், “ரெண்டும் இருக்கட்டுமே” என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. தாவரவியல் படிக்கும் நானும் மூலிகைக்காகவே வாதாடினேன். நாள்தோறும் இலை பறித்துவந்து கொடுத்தவளும் நானே.

இரண்டு வாரம் அப்பா நன்றாகவே இருந்தார். கசாயம் வென்றுவிட்டது என்று மகிழ்ந்தோம். வகுப்பில்கூடப் பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் வாரம் இரவில் இருமல். நான்காம் வாரம் படியேறினால் மூச்சு வாங்கியது. மார்கழிப் பனி என்று சொல்லி இலையைக் கூட்டினோம். 2024 சனவரி 14, போகி. விடியுமுன் தெருவெங்கும் பழம்பாயும் டயரும் எரிந்தன. புகை வீட்டுக்குள் வந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டார். பேச வாய் திறந்தார். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு விரைந்தோம். உயிர்வளியும் ஆவி மருந்தும் கொடுத்த பின்னரே மூச்சு சீரடைந்தது. பணியிலிருந்த மருத்துவ அம்மையார் கேட்ட முதற்கேள்வி, “பஃப்பை எப்போது நிறுத்தினீர்கள்?” என்பதுதான். நான் தலைகுனிந்து நின்றேன்.

தடுப்பு பஃப் என்பது மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை நாள்தோறும் சிறுகச் சிறுகத் தணித்து வைப்பது. நிறுத்திய மறுநாளே தீங்கு தெரியாது. வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பி, வாரங்கள் சென்றபின் வெளிப்படும். அந்த இரண்டு வார நலம் கசாயம் தந்ததன்று. நிறுத்திய பஃப் விட்டுச்சென்ற மிச்சம். நோய் விளையும் நாள் வேறு, வெளிப்படும் நாள் வேறு என்று நம் சித்தர்கள் சொன்ன பாடத்தையே, சித்த மருத்துவத்தின் பெயரால் நாங்கள் மறந்துவிட்டோம்.

சித்த மருத்துவர் சொன்னது

பொங்கல் கழித்து அப்பாவை அழைத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் அப்பாவின் நாடியைப் பார்த்தார். பின் மார்பில் குழல் வைத்தும் கேட்டார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “ஐயா, யார் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி, பஃப் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எங்கள் மருந்தை அதோடு சேர்த்துத்தான் கொடுப்போம்” என்றார்.

என் கேள்விகளுக்கெல்லாம் அவர் பொறுமையாக விடை சொன்னார். மேலே நான் எழுதிய அட்டவணையை என் குறிப்பேட்டில் தம் கையாலேயே வரைந்து கொடுத்தார். மாதக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தவில்லையே என்று தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். “அதனால்தானம்மா காலத்தோடு நிலத்தையும் சொல்லி வைத்தார்கள். நிலம், வயது, உடல்வாகு, தொழில், உணவு இவ்வளவும் கேட்ட பிறகுதான் மருந்து. இந்த அட்டவணை நோயாளி வருவதற்கு முன் படிக்க வேண்டியது. நோயாளி வந்தபின் பார்க்க வேண்டியது நோயாளியை” என்றார்.

இக்கல்வி நம் நாட்டில் முறையாக வளர்ந்த வரலாறும் நாம் அறியத் தக்கது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921-இல் சென்னை அரசு முகமது உசுமான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் பயனாக 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எழுந்தன. நமக்கு அண்மையில் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு இந்திய மருத்துவமனை உள்ளது. முறையாகப் பயின்ற மருத்துவர் இவ்வளவு அருகில் இருக்க, பேச்சுத்துணைக்கு வந்தவர் சொன்னதைக் கேட்டு மருந்தை மாற்றியது எங்கள் குற்றமே.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

நண்பர்கள் தத்தம் வீட்டில் சொல்வதற்காகச் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. குடிநீர் எதுவாயினும் சித்த மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மார் நிலவேம்பைத் தாமாகக் குடிக்கலாகாது.

2. நாட்பட்ட நோய்க்கு உண்ணும் மருந்தைப் பருவத்தையோ பத்தியத்தையோ காரணமாகக் காட்டித் தாமே நிறுத்தலாகாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

3. டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் நோய் நீங்கிவிட்டதாக எண்ணலாகாது. காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாட்களே ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி கண்டால் கசாயத்தோடு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின் முதலிய வலிநீக்கிகளைத் தொடலாகாது.

4. மழை நின்ற மறுநாளே தொட்டி, டயர், கொட்டாங்கச்சி இவற்றில் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிட வேண்டும். எந்தக் குடிநீரும் இதற்கு ஈடாகாது.

5. போகியன்று பழையன கழியலாம், எரிய வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் ஒருவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கலாம்.

முடிவுரை

நம் கல்லூரி வேலியோரத்தில் ஆடாதோடை செழித்து வளர்ந்திருக்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றோம். பெயர் அறிந்தவர் சிலரே. நம் துறையினர் அதற்கொரு பெயர்ப்பலகை வைப்பதோடு, அது தளிர்க்கும் நாள், பூக்கும் நாள், மழை பெய்த அளவு ஆகியவற்றை ஒரு பேரேட்டில் ஆண்டுதோறும் குறித்து வைத்தால் என்ன? பத்தாண்டுகள் கழிந்தால் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் உரிய பெரும்பொழுது எது என்று நம் கல்லூரியே சொல்லலாம். முன்னோர் அட்டவணையும் இப்படி யாரோ பொறுமையாகப் பார்த்துக் குறித்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா இப்போது நலமாக இருக்கிறார். இந்த ஆண்டுக் கார்த்திகையிலும் ஆயா ஆடாதோடைக் கசாயம் வைத்தார். அப்பா முதலில் பஃப்பை உறிஞ்சி, வாய் கொப்பளித்துவிட்டு, பிறகு கசாயத்தைக் குடித்தார். இரண்டையும் அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நானே. போகிக்கு எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் எரிப்பதை நிறுத்திவிட்டன. அவற்றுள் ஒன்று எங்கள் வீடு.

முன்னோர் சொன்னதைப் போற்றுவோம்; சொன்னது நம் வானத்திற்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்போம்.